ஒரே பாட்டு, இரண்டு பழைய ஆம்ப்: காது எதைக் கேட்கிறது?

நண்பர் வீட்டுக் கூடத்தில் அன்று இரண்டு ஆம்ப்ளிஃபயர்கள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. ஒன்று பிரிட்டிஷ் வடிவமைப்பு, 20 வாட், கறுப்பு முகப்பு, ஒரு கையால் தூக்கிவிடலாம். இன்னொன்று ஜப்பானில் செய்தது; 60 வாட்; வெள்ளி நிற முகப்பில் கனமான குமிழ்கள்; நகர்த்தவே இன்னொரு ஆள் வேண்டும். இரண்டும் நாற்பது வருஷத்துக்கு முந்தையவை. ஒரே ஸ்பீக்கர், ஒரே சிடி பிளேயர், ஒரே மிருதங்கத் தனி ஆவர்த்தனம். முதலில் சின்னதில் கேட்டோம். பிறகு வயர்களைக் கழற்றிப் பெரியதில் மாட்டினோம். தொப்பியின் 'தொம்' நெஞ்சில் வந்து விழுந்தது. வலந்தலை இன்னும் கணீரென்றது. "பாத்தியா, பெருசு பெருசுதான்" என்றார் நண்பர். எனக்கும் அப்படித்தான் கேட்டது.

அன்று சாயங்காலத்துக்குள் அந்த முடிவில் முக்கால்வாசி கரைந்துவிட்டது. எது கரைந்தது, ஏன் கரைந்தது, கடைசிவரை நின்ற வித்தியாசம் எது என்பதைத்தான் இங்கே சொல்லப்போகிறேன். பழைய ஆம்ப் ஒன்றை முதல் தடவையாக வாங்க நினைப்பவர்களுக்கும், வீட்டுப் பரணில் கிடப்பதை மறுபடி பாடவைக்க நினைப்பவர்களுக்கும் இது உதவும்.

பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்பதை முதலில் பார்த்துவிடலாம். 'இன்டகிரேட்டட் ஆம்ப்ளிஃபயர்' என்பது ஒரே பெட்டிக்குள் குடிவைத்த இரண்டு கருவிகள். முதல் கருவி ப்ரீ ஆம்ப்: எதைக் கேட்பது என்று தேர்ந்தெடுக்கும் சுவிட்ச், ரெக்கார்டு பிளேயருக்கான ஃபோனோ பகுதி, பேஸ், ட்ரெபிள், வால்யூம் எல்லாம் இதில் அடக்கம். இரண்டாவது பவர் ஆம்ப்: ஸ்பீக்கரைத் தள்ளி இழுக்கும் தசை. இவை தனித்தனிப் பெட்டிகளாகவும் விற்றன. 1967-ல் வந்த குவாட் 33 ப்ரீ ஆம்ப், அதனுடன் ஜோடி சேர்ந்த 303 பவர் ஆம்ப். இரண்டையும் ஒரே இரும்புக் கூட்டுக்குள் அடைத்தால் விலையும் இடமும் குறையும் என்பதால்தான் இன்டகிரேட்டட் ஆம்ப் வீட்டுக்கு வீடு போனது.

வேலையின் அளவை எண்களில் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். ரெக்கார்டு பிளேயரின் சாதாரண காந்த ஊசி, அதாவது மூவிங் மேக்னெட் கார்ட்ரிட்ஜ், கொடுப்பது சுமார் 5 மில்லிவோல்ட். 20 வாட் ஆம்ப் ஒன்று 8 ஓம் ஸ்பீக்கருக்கு முழு பலத்தில் கொடுப்பது ஏறத்தாழ 12.6 வோல்ட். இரண்டுக்கும் நடுவே இரண்டாயிரத்து ஐந்நூறு மடங்கு பெருக்கம். இந்தப் பயணத்தில் எங்கே எது மாறினாலும் காதுக்கு வந்து சேரும். அதனால்தான் "இந்த ஆம்ப் இப்படிப் பாடும்" என்று பெட்டி முழுவதற்கும் ஒரே வார்த்தையில் தீர்ப்பு சொல்வது எனக்குப் பிடிப்பதில்லை. எந்தப் பகுதி பாடுகிறது என்று கேட்க வேண்டும்.

சுருதி சேர்க்காமல் கச்சேரி இல்லை

இரண்டு ஆம்ப்பை ஒப்பிடுகிறவர்கள் எல்லோரும் முதலில் தவறுவது ஒலி அளவில். நாங்களும் அங்கேதான் தவறினோம்.

நம் காதுக்கு ஒரு குணம் உண்டு. ஒலி ஒரு டெசிபல் கூடினால் "சத்தம் கூடிவிட்டது" என்று அது சொல்வதில்லை. "பேஸ் திடமாக இருக்கிறது, குரல் முன்னால் வருகிறது, நுணுக்கம் தெரிகிறது" என்று சொல்கிறது. இதற்குக் காரணம் உண்டு. பெல் ஆய்வகத்தில் ஃப்ளெட்சரும் மன்சனும் 1933-ல் வெளியிட்ட வரைபடங்கள் காட்டியது இதைத்தான்: ஒலி குறையக் குறைய, நடு சுரங்களைவிடத் தாழ்ந்த சுரங்கள் நம் காதில் வேகமாக மங்குகின்றன. ஒலியைக் கொஞ்சம் கூட்டினால் பேஸ் கூடுதலாகக் கேட்பது ஆம்ப்பின் திறமையால் அல்ல, காதின் அமைப்பால்.

வால்யூம் குமிழை இரண்டு ஆம்ப்பிலும் கடிகார முள்போல் ஒரே இடத்தில் நிறுத்தினால் சரியாகிவிடுமா? ஆகாது. இது ஆரம்பநிலையில் இருப்பவர்களை அதிகமாக ஏமாற்றும் இடம் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். 70-களின் ஆம்ப்கள் ட்யூனருக்கும் டேப் டெக்குக்கும் அளவெடுத்துச் செய்தவை. பலவற்றில், வெளிக் கருவிகளை மாட்டும் ஆக்ஸ் சாக்கெட்டுக்குள் 150 மில்லிவோல்ட் வந்தாலே முழு பலத்தையும் காட்டிவிடும். சிடி பிளேயர் 1982-ல் வந்தபோது அது கொடுத்தது 2 வோல்ட்; பதின்மூன்று மடங்குக்கும் மேல். ஆகவே பழைய ஆம்ப்பில் சிடியை மாட்டினால் குமிழ் ஒன்பது மணியைத் தாண்டுவதற்குள்ளேயே வீடு அதிரும். "ஒன்பது மணியிலேயே இவ்வளவு சத்தம், என்ன பலம் பார்!" என்று வியக்கத் தோன்றும். உண்மையில் அந்த இடத்திலேயே ஆம்ப்பின் பலம் முடிந்துவிட்டிருக்கும். மீதிச் சுற்று முழுவதும் கரகரப்புதான். குமிழின் இடம் சொல்வது உள்ளே எத்தனை மடங்கு பெருக்குகிறார்கள் என்பதை மட்டும். வாட் எத்தனை என்பதை அது சொல்லாது.

இதில் இன்னொரு சங்கடமும் இருக்கிறது. குமிழ் மிகத் தாழ்ந்த இடத்தில் இருக்கும்போது பழைய வால்யூம் கண்ட்ரோல்களில் இடதும் வலதும் ஒரே அளவில் ஏறுவதில்லை. பாடகர் நடுவில் நிற்காமல் ஒரு பக்கம் நகர்ந்து நிற்பார்.

சரியான வழி மல்டிமீட்டர். ஃபோனில் ஒரு டோன் ஜெனரேட்டர் செயலியை இறக்கி, ஃபோனை ஆம்ப்பில் மாட்டி, 50 முதல் 400 ஹெர்ட்ஸுக்குள் ஏதாவது ஒரு தொனியை ஓடவிடுங்கள். சாதாரண மல்டிமீட்டர் அதற்கு மேல் சரியாகக் காட்டாது. மீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து ஸ்பீக்கர் முனைகளில் தொடுங்கள். ஒரு ஆம்ப்பில் 2.00 வோல்ட் வரும்படி குமிழைத் திருப்பி, அடுத்த ஆம்ப்பிலும் அதே 2.00 வரும்படி வையுங்கள். 0.02 வோல்ட் முன்னேபின்னே இருந்தால் வித்தியாசம் 0.1 டெசிபலுக்குள், அது போதும். 8 ஓம் ஸ்பீக்கரில் 2 வோல்ட் என்றால் அரை வாட். வீட்டில் ஆற அமர உட்கார்ந்து பாட்டுக் கேட்க அந்த அரை வாட்டே தாராளம்.

நாங்கள் அளந்தபோது சின்னதில் 2.00 வோல்ட், பெரியதில் 2.30. சுமார் 1.2 டெசிபல். குமிழை ஒரு மயிரிழை குறைத்து 2.00-க்குக் கொண்டுவந்து அதே தனி ஆவர்த்தனத்தை மறுபடி போட்டோம். நண்பர் பேசவில்லை. நெஞ்சில் விழுந்த 'தொம்' இரண்டிலும் ஒரே மாதிரி விழுந்தது.

இதே காரியத்தைப் பெரிய அளவில் செய்துபார்த்தவர்கள் இருக்கிறார்கள். 1978-ல் பிரிட்டனின் 'ஒயர்லெஸ் வேர்ல்டு' இதழில் ஜேம்ஸ் மாயர் ஒரு சோதனையின் முடிவை எழுதினார். குவாட் நிறுவனத்தின் மூன்று தலைமுறை பவர் ஆம்ப்கள்: கண்ணாடிக் குழாய் வால்வு காலத்து குவாட் 2, ட்ரான்சிஸ்டர் 303, பின்னால் வந்த 405. எது ஓடுகிறது என்று சொல்லாமல், ஒலியளவைச் சமமாக வைத்து, தேர்ந்த காதுக்காரர்களைக் கேட்கவைத்தார்கள். குருட்டுவாக்கில் சொன்னால் எத்தனை சரியாக வருமோ அவ்வளவுதான் சரியாக வந்தது.

எனக்கு அதைவிடப் பிடித்தது 1985-ல் அமெரிக்காவில் நடந்தது. பாப் கார்வர் என்ற வடிவமைப்பாளர், விலை உயர்ந்த வால்வு ஆம்ப் ஒன்றின் ஒலியைத் தன்னுடைய மலிவான ட்ரான்சிஸ்டர் ஆம்ப்பில் கொண்டுவந்து காட்டுகிறேன் என்று 'ஸ்டீரியோஃபைல்' பத்திரிகைக்குச் சவால் விட்டார். இரண்டு ஆம்ப்புக்கும் ஒரே இசையைக் கொடுத்து, வெளியே வருவதில் ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்தார். இரண்டும் அச்சுஅசலாக இருந்தால் கழித்தது போக மீதி மௌனம்தானே? மீதி எவ்வளவோ அவ்வளவுதான் வித்தியாசம். உட்சுற்றில் சின்னச் சின்ன மாற்றங்கள் செய்துசெய்து அந்த மீதியைத் தேய்த்துக்கொண்டே போனார். மீதி, இசையைவிட 70 டெசிபல் அளவுக்குக் கீழே இறங்கியபோது பத்திரிகையின் காதுக்காரர்களால் எது எது என்று பிரிக்க முடியவில்லை. ஆரம்பத்தில் அவர்கள் பிரித்துக் கேட்டார்கள் என்பதையும் கவனியுங்கள். ஆக ஆம்ப்களுக்குள் வித்தியாசம் உண்டு. அது அளந்து காட்டக்கூடிய வித்தியாசம். மாயருக்கும் கார்வருக்கும் நடுவே எனக்கு முரண்பாடு தெரியவில்லை.

மூப்பு என்ற மூன்றாவது ஆம்ப்

சமப்படுத்தியபின் எங்களுக்கு இன்னொன்று உறுத்தியது. பெரியதில் பாடகி சற்று இடப்பக்கம் நகர்ந்திருந்தார். மறுபடி மீட்டர்: இடது 2.00, வலது 1.84. குமிழை லேசாகத் தொட்டால் வலது பக்க எண் துள்ளியது. வால்யூம் கண்ட்ரோலுக்குள் நாற்பது வருஷத் தூசி. காண்டாக்ட் கிளீனர் அடித்து, கோடிக்குக் கோடி முப்பது தடவை திருப்பியதும் இரண்டு பக்கமும் ஒன்றாகிவிட்டன.

இதனால்தான் "70-களின் ஜப்பானிய ஆம்ப்பின் ஒலி" என்று யாராவது சொன்னால், வடிவமைப்பின் ஒலியா, மூப்பின் ஒலியா என்று நான் கேட்பேன். பழைய ஆம்ப் இரண்டை ஒப்பிடும்போது பெரும்பாலும் நாம் ஒப்பிடுவது எது நன்றாக மூப்படைந்தது என்பதைத்தான்.

மூப்பு முதலில் பிடிப்பது, மின்சாரத்தைச் சேர்த்துவைத்து விடும் எலக்ட்ரோலைட்டிக் கண்டென்சர்களை. உள்ளே இருக்கும் ஈரம் வருஷம் போகப்போக வற்றும். 60-கள், 70-களில் பல ஆம்ப்கள் ஸ்பீக்கருக்கு முன்னால் ஒரு பெரிய கண்டென்சரை வைத்திருந்தன. 2000 மைக்ரோஃபாரட் கண்டென்சர், 8 ஓம் ஸ்பீக்கருடன் சேர்ந்தால் 10 ஹெர்ட்ஸ் வரை பேஸை விட்டுவைக்கும். அதுவே வற்றி 500-க்கு வந்துவிட்டால் 40 ஹெர்ட்ஸிலேயே மூன்று டெசிபல் போய்விடும். கேட்பவர் "இந்த மாடலுக்கு பேஸ் மெலிவு" என்று எழுதிவைப்பார். பாவம், மாடல் ஒரு தப்பும் செய்யவில்லை.

ஸ்பீக்கரை ஆம்ப்புடன் இணைக்கும் தானியங்கி சுவிட்சான ஸ்பீக்கர் ரிலே இன்னொரு இடம். ஆன் செய்த சில நொடியில் 'டிக்' என்று கேட்கிறதே, அதுதான். அதன் தொடுமுனைகள் கறுத்துவிட்டால் மெல்லிய ஒலியில் ஒரு பக்கம் மங்கும்; வால்யூமைக் கூட்டினால் திடீரென்று உயிர் வரும். சில பழைய ஜப்பானிய போர்டுகளில் பெரிய கண்டென்சர்களை அசையாமல் ஒட்டிய பசை, காலப்போக்கில் பழுப்பாகி, பக்கத்திலிருக்கும் கம்பிக்கால்களை அரிக்கும். கரகர, உஸ்ஸென்ற சத்தங்களுக்கு அது ஒரு காரணம்.

வாங்கும் முன் கட்டாயம் பார்க்க வேண்டியவை சில உண்டு. ஜப்பான் உள்நாட்டுக்குச் செய்த ஆம்ப்கள் 100 வோல்ட்டுக்கானவை. நம் 230 வோல்ட்டில் நேராகச் செருகினால் கருகிவிடும், ஸ்டெப் டவுன் ட்ரான்ஸ்ஃபார்மர் வேண்டும். பின்பக்கம் எழுதியிருப்பதைப் படிக்காமல் பிளக்கைக் கையிலேயே எடுக்காதீர்கள். பரணில் பல வருஷம் கிடந்த ஆம்ப்பை நேரடியாக ஆன் செய்ய வேண்டாம். தெரிந்த மெக்கானிக்கிடம், நடுவே ஒரு குண்டு பல்பு வைத்து மின்சாரம் கொடுக்கும் சீரிஸ் போர்டில் போடச் சொல்லுங்கள். குண்டு பல்பு பளிச்சென்று எரிந்து கொண்டே இருந்தால் உள்ளே ஷார்ட் என்று பொருள். ஸ்பீக்கரை மாட்டும் முன் முனைகளில் டிசி எவ்வளவு இருக்கிறது என்று அளக்கவும்: 50 மில்லிவோல்ட்டுக்குள் இருந்தால் நிம்மதி, வோல்ட் கணக்கில் இருந்தால் ஸ்பீக்கருக்கே ஆபத்து. வால்வு ஆம்ப்பின் உள்ளே பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உயிரைப் பறிக்கும் வோல்ட்டேஜ் தங்கியிருக்கும். அதன் மூடியைத் திறப்பது தெரிந்தவர் வேலை.

கடைசியில் மிஞ்சுவது

ஒலியளவு சமம், மூப்பும் சரிசெய்தாயிற்று. இனிக் கேட்பதுதான் வடிவமைப்பாளரின் கைவண்ணம்.

முதலில் ஆம்ப்பும் ஸ்பீக்கரும் சேரும் இடம். ஸ்பீக்கரின் பின்னால் 8 ஓம் என்று எழுதியிருந்தாலும் எல்லாச் சுரங்களுக்கும் அது 8 ஓம் இல்லை. ஓரிடத்தில் 4 ஆக இறங்கும், இன்னோரிடத்தில் 30 ஆக ஏறும். ஆம்ப்புக்கும் ஒரு உள்தடை உண்டு. பல வால்வு ஆம்ப்களில் அது ஒரு ஓம், இரண்டு ஓம் என்று இருக்கும். நல்ல ட்ரான்சிஸ்டர் ஆம்ப்பில் 0.05 ஓம் போலச் சொற்பம். 2 ஓம் உள்தடையுள்ள ஆம்ப்பை இந்த ஸ்பீக்கருடன் சேர்த்துக் கணக்குப் போட்டால், 4 ஓம் இடத்துக்கும் 30 ஓம் இடத்துக்கும் நடுவே கிட்டத்தட்ட 3 டெசிபல் மேடுபள்ளம் விழும். 0.05 ஓம் ஆம்ப்பில் அது 0.1 டெசிபல்கூட வராது. 3 டெசிபல் என்பது ட்ரெபிள் குமிழைக் கொஞ்சம் திருப்பியது போல. யார் காதுக்கும் கேட்கும். 'வால்வின் இதம்' என்று சொல்லப்படுவதில் பெரும்பங்கு இதுதான் என்பது என் கருத்து. அதே வால்வு ஆம்ப்பை வேறு ஸ்பீக்கருடன் மாட்டினால் இதம் வேறு இடத்தில் வரும், வராமலும் போகும். ஆகவே ஸ்பீக்கரின் பெயரைச் சொல்லாமல் ஒருவர் ஆம்ப்பின் ஒலியை வர்ணித்தால் பாதித் தகவல்தான் கிடைத்தது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, பலம் தீரும் தருணம். 60 வாட் 20 வாட்டைவிட மூன்று மடங்கு. ஒலியில் வித்தியாசம் 5 டெசிபலுக்கும் சற்றுக் குறைவு. இரண்டு மடங்கு சத்தம் என்று காது உணர ஏறத்தாழ 10 டெசிபல் வேண்டும், அதாவது பத்து மடங்கு வாட். அதனால் வாட் எண்ணைப் பார்த்து மயங்க வேண்டாம். அந்த எண்ணையே நம்பலாமா என்பது தனிக் கேள்வி. 1974-ல் அமெரிக்க அரசின் வணிக ஆணையம், இரண்டு சேனலும் தொடர்ந்து ஓடும்போது அளந்த வாட்டைத்தான் விளம்பரத்தில் போட வேண்டும் என்று விதி கொண்டுவந்தது. அதற்குப் பிந்தைய பெரிய கம்பெனி ஆம்ப்களின் எண்கள் ஓரளவு நேர்மையானவை. டேப் ரெக்கார்டர்களில் ஒட்டியிருந்த ஆயிரம் வாட் பிஎம்பிஓ (ஊதிப் பெருக்கிய உச்ச வாட்) ஸ்டிக்கர்களை நினைவிருப்பவர்களுக்கு இந்த நேர்மையின் அருமை புரியும்.

பலம் தீரும்போது எப்படித் தீருகிறது என்பதில்தான் கைவண்ணம் தெரியும். இதற்கு நல்ல உதாரணம் 1978-ல் நாட் கம்பெனி கொண்டுவந்த 3020 ஆம்ப். ப்யோர்ன் எரிக் எட்வர்ட்சன் வடிவமைத்தது. தாளில் வெறும் 20 வாட். ஆனால் இசையில் முழு பலம் தேவைப்படுவது கண்ணிமைக்கும் நேரத்துக்குத்தான்: மிருதங்கத்தில் ஒரு அடி, பியானோவில் ஒரு அழுத்தம். அந்தக் கண நேரத்துக்கு 3020 தன் எண்ணைப்போல இரண்டு மடங்கு வரை கொடுக்கும். தடை தாழ்ந்த ஸ்பீக்கரிலும் மூச்சுமுட்டாது. அதற்கும் மேல் போனால், 'சாஃப்ட் க்ளிப்பிங்' என்ற சின்ன சுவிட்ச் அலையின் உச்சியைச் சட்டென்று வெட்டாமல் வழித்துவிடும். அந்த நாளின் போக்கு வேறாக இருந்தது. டிஸ்டார்ஷன், அதாவது ஒலிச் சிதைவு, 0.1 சதவீதம், 0.01, இன்னும் கீழே என்று ஜப்பானியக் கம்பெனிகள் போட்டி போட்டன. 3020 அந்தப் போட்டியை விட்டு விலகி, நிஜ ஸ்பீக்கருக்கும் நிஜ இசைக்கும் ஈடுகொடுத்தது. நான் அதை நேசிப்பது இதற்காகத்தான்.

ஜப்பானியர்களைக் குறைத்துச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். யமஹா 1973-ல் கொண்டுவந்த சிஏ-1000 ஆம்ப்பில் ஒரு சுவிட்ச் இருந்தது. சாதாரண நிலையில் 70 வாட். சுவிட்சைத் தள்ளினால் 15 வாட் மட்டும், ஆனால் கிளாஸ் ஏ. இதன் பொருள் என்ன? பொதுவாக ஆம்ப்பின் வெளியீட்டில் இரண்டு ட்ரான்சிஸ்டர்கள் முறை வைத்து வேலை செய்யும். அலையின் மேல் பாதியை ஒன்று தள்ளும், கீழ்ப் பாதியை மற்றது இழுக்கும். கைமாறும் இடத்தில் ஒரு சின்ன இடறல் வரலாம். 1963-ல் வந்த லீக் ஸ்டீரியோ 30 போன்ற முதல் தலைமுறை ட்ரான்சிஸ்டர் ஆம்ப்களின் காலத்தில் இந்த இடறல் பெரிய தலைவலி. 'ட்ரான்சிஸ்டர் ஒலி வறட்டு ஒலி' என்ற பெயர் வந்ததில் இதற்கும் பங்குண்டு. மெல்லிய இசையில்தான் இது அதிகம் உறுத்தும், ஏனென்றால் இடறலின் அளவு மாறாது, இசைதான் சின்னதாகும். கிளாஸ் ஏ-வில் இரண்டு ட்ரான்சிஸ்டரும் எப்போதும் விழித்திருக்கும், கைமாற்றமே இல்லை. விலை, சூடு. ஒரே பெட்டியில் இரண்டையும் வைத்து, கேட்பவரையே தேர்ந்தெடுக்கச் சொன்ன யமஹாவின் துணிச்சல் எனக்கு மரியாதைக்குரியது.

டோன் கண்ட்ரோல் பற்றி ஒரே ஒரு எச்சரிக்கை. பீட்டர் பாக்ஸண்டால் 1952-ல் வெளியிட்ட சுற்றைத்தான் பிறகு வந்த பெரும்பாலான ஆம்ப்கள் ஏதோ ஒரு வடிவில் வைத்திருக்கின்றன. அருமையான சுற்று. ஆனால் குமிழ் நடுவில் நின்றாலும் உள்ளே இருப்பது நாற்பது வருஷக் கார்பன். அது நடுவில் நிற்கிறது என்பதற்கு உத்தரவாதம் இல்லை. டோன் கண்ட்ரோலை ஒதுக்கிவைக்கும் 'டோன் டிஃபீட்' சுவிட்ச் இருந்தால் ஒப்பிடும்போது அதைப் போட்டுவிடுங்கள். மெல்லிய ஒலியில் பேஸைத் தூக்கிக் கொடுக்கும் 'லவுட்னஸ்' அணைந்திருக்கட்டும். 1983-ல் வந்த நைம் நெய்ட்டில் டோன் கண்ட்ரோலே கிடையாது என்பதால், அதை வேறு ஆம்ப்புடன் ஒப்பிடும்போது இது இன்னும் முக்கியம்.

மூன்றாவதுதான் எங்களை அன்று இருட்டும்வரை உட்காரவைத்தது: ஃபோனோ பகுதி. சிடியில் ஒன்றுபோலவே கேட்ட இரண்டு ஆம்ப்களும், ரெக்கார்டு போட்டதும் பிரிந்துவிட்டன. பெரியதில் வயலின் வில்லின் உரசல் சுருக்கென்று குத்தியது, தேய்ந்த இடங்களின் சடசடப்பும் தூக்கலாகக் கேட்டது. சின்னதில் அதே ரெக்கார்டு அமைதியாக ஓடியது.

ரெக்கார்டில் பேஸைக் குறைத்தும் ட்ரெபிளைக் கூட்டியும்தான் வெட்டுவார்கள். இல்லாவிட்டால் பேஸ் அலைகள் பக்கத்துப் பள்ளத்துக்குள் புகுந்துவிடும். ஃபோனோ பகுதி அதைத் தலைகீழாக்கித் திருப்பித் தர வேண்டும். ஆர்ஐஏஏ என்ற அந்த அளவுகோலின்படி 20 ஹெர்ட்ஸில் சுமார் 19 டெசிபல் கூட்ட வேண்டும், 20,000 ஹெர்ட்ஸில் கிட்டத்தட்ட அதே அளவு குறைக்க வேண்டும். இவ்வளவு பெரிய வளைவில் ஒரு டெசிபல் பிசகுவது பழைய சுற்றுகளில் அதிசயமில்லை.

வளைவோடு இன்னொன்றும் சேர்கிறது. மூவிங் மேக்னெட் கார்ட்ரிட்ஜுக்குள் இருப்பது ஒரு சுருள். ரெக்கார்டு பிளேயரின் வயரும் ஆம்ப்பின் ஃபோனோ நுழைவாயிலும் சேர்ந்து அதற்கு ஒரு கண்டென்சர்போல் நடந்துகொள்ளும். சுருளும் கண்டென்சரும் சேர்ந்தால் ஏதோ ஒரு சுரத்தில் சேர்ந்து முழங்கும். 500 மில்லிஹென்றி சுருளுடன் மொத்தம் 200 பிகோஃபாரட் சேர்ந்தால் அந்த முழக்கம் 16,000 ஹெர்ட்ஸ் பக்கம்; நம்மில் பலர் காதுக்கு எட்டாத உயரம். 400 ஆகிவிட்டால் 11,000-க்கு இறங்கிவிடும். அங்கே ஒரு மேடு விழுந்தால் வயலின் குத்தும், சடசடப்பு தூக்கும். ஷூர் கம்பெனியின் சில பழைய கார்ட்ரிட்ஜ்கள் 400, 500 பிகோஃபாரட்டை எதிர்பார்த்துச் செய்யப்பட்டவை. ஆடியோ-டெக்னிக்கா பல மாடல்களுக்கு 100 முதல் 200 போதும் என்கிறது. நண்பரிடம் இருந்தது இந்த இரண்டாவது வகை. பெரிய ஆம்ப்பின் ஃபோனோ வாயிலில் கண்டென்சர் அளவு கூடுதல். ஆக அன்று நாங்கள் கேட்டது கெட்ட ஆம்ப்பும் இல்லை, கெட்ட கார்ட்ரிட்ஜும் இல்லை; பொருந்தாத ஜோடி.

கேட்கும் முறை பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஒலியின் நுணுக்கம் நினைவில் சில நொடிதான் தங்கும். வயரைக் கழற்றி மாட்டும் இரண்டு நிமிஷத்துக்குள் முதல் ஆம்ப் மறந்துபோய், அதைப் பற்றி நாம் சொன்ன வார்த்தைகள்தான் மிஞ்சியிருக்கும். ஸ்பீக்கர் செலக்டர் சுவிட்ச் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டு ஆம்ப்பின் வெளியீடும் ஒரு கணம்கூட ஒன்றோடொன்று தொடக்கூடாது, தொட்டால் வெளியீட்டு ட்ரான்சிஸ்டர்கள் போய்விடும். பாசிட்டிவ், நெகட்டிவ் இரண்டு வயரையும் சேர்த்துத் துண்டிக்கும் சுவிட்சாகப் பார்த்து வாங்குங்கள். எது ஓடுகிறது என்று தெரியாமல் கேட்க, சுவிட்சை வீட்டில் வேறு யாரையாவது திருப்பச் சொல்லுங்கள். தெரிந்த குரல், தம்புரா, தனி வீணை போன்ற எளிய ஒலிப்பதிவுகள் பெரிய வாத்தியக் கூட்டத்தைவிட உதவும்.

நண்பர் எந்த ஆம்ப்பையும் விற்கவில்லை. பழைய இன்டகிரேட்டட் ஆம்ப்களின் பின்னால் 'டேப் அவுட்' என்ற சாக்கெட் இருக்கும். வால்யூமுக்கும் டோனுக்கும் போகும் முன்பே, ஃபோனோ பகுதியிலிருந்து வருவதை அப்படியே வெளியே தரும். சின்னதின் டேப் அவுட்டிலிருந்து ஒரு வயரை எடுத்துப் பெரியதின் ஆக்ஸில் செருகினோம். ரெக்கார்டைச் சின்னது படிக்கிறது, அவருடைய பசித்த ஸ்பீக்கர்களைப் பெரியது இழுக்கிறது. வயலின் குத்தவில்லை, தனி ஆவர்த்தனத்தின் கடைசித் தீர்மானத்தில் வால்யூமை ஏற்றினாலும் திணறவில்லை. இரண்டும் இப்போது ஒரே பலகையில், நடுவே ஒரு சாண் இடைவெளியுடன் நிற்கின்றன. பெரியது நன்றாகச் சுடுகிறது, காற்று வேண்டும்.